மார்பிழந்தாளும் வழித்துணையும்

சிலப்பதிகாரத்தைப் பாடமாகப் பயிற்றும் வகுப்புகளில், கண்ணகி தன் இடப்பக்க முலையைத் திருகி எறிந்த நிகழ்ச்சி தவறாமல் விளக்கப்படுகிறது. மதுரை எரிந்ததும் பாடமும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மார்பை இழந்தவள் அதன்பின் எவ்வழி நடந்தாள், யார் அவளோடு பேசினார் என்னும் வினாக்கள் தேர்வுத்தாளில் இடம்பெறுதல் அரிது. புறநானூற்றின் 278ஆம் பாட்டுக்கும் இதே நிலைதான். மகன் போரில் புறமுதுகிட்டது உண்மையாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பையே அறுத்தெறிவதாகச் சூளுரைத்த முதியவளைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடினார். வீரத்தாய் என்னும் ஒரு சொல்லுக்குள் அவளை அடக்கிவிடுவது வழக்கமாயிற்று. மார்பை இழத்தல் தமிழ் மரபில் சினத்தின் செயலாகவும் மானத்தின் சூளாகவும் போற்றப்பட்டது. உயிர் பிழைத்தற்பொருட்டு ஒருத்தி ஏற்கும் இழப்பாக அது எண்ணிப் பார்க்கப்பட்டதா? மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு இவ்விலக்கியம் எத்தகைய துணையாகும்?

விடையின் ஒரு பகுதி இளங்கோவடிகளிடமே உள்ளது. மதுரை எரிந்தபின் இருவகைத் துணை கண்ணகியை அணுகுகின்றது. முதலாவது மதுராபதித் தெய்வம். கட்டுரை காதையில் அத்தெய்வம் அவள் முன்னே நிற்க அஞ்சிப் பின்புறமாக வந்து பேசுகின்றது. பேசுவதோ நெடிய விளக்கம்: முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாய் இருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனைக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான், சங்கமன் மனைவி நீலி இட்ட சாபம் இப்பிறப்பில் வந்து பலித்தது. பதினான்காம் நாளில் கணவனைக் காணலாம் என்ற ஆறுதலும் அவ்வுரையில் உண்டு. இரண்டாவது துணை, குன்றக்குரவையில் வரும் மலைக்குறவர். வேங்கை மர நிழலில் ஒரு மார்பிழந்து நிற்கும் பெண்ணைக் கண்டு அவர்கள் நேர்நின்று யாரென வினவுகின்றனர். அவளும் சினவாது விடை கூறுகிறாள். ஊழ்வினையை நாட்ட வந்த காப்பியத்திற்கு மதுராபதியின் உரை இன்றியமையாதது, இதனை மறுப்பதற்கில்லை. ஆனால் நடந்து களைத்தவளைத் தன் கதையைத் தானே சொல்ல வைத்தது குறவரின் வினாவே.

நோயாளியின் கட்டிலருகே இன்றும் கேட்பது பெரும்பாலும் மதுராபதியின் குரல். எந்தப் பிறவியில் செய்த வினையோ என்று பெருமூச்செறிவோர், அறுவைக்குட்பட்டவளின் முகத்தை நேரே நோக்காமல் அவள் தாயிடமோ கணவனிடமோ பேசிவிட்டுப் போவதும் உண்டு. இளங்கோ அத்தெய்வத்தைப் பின்புறமாக வரவைத்ததன் நுட்பத்தை அத்தகைய வீடுகளில் உணரலாம்.

அறுவைக்குட்பட்டவளே பேசும் எழுத்துக்கு, ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னியின் கடிதம் தலைசிறந்த சான்று. 1811 செப்டம்பர் 30 அன்று பாரிசில், மயக்கமருந்து கண்டறியப்படாத அக்காலத்தில், நெப்போலியனின் படை மருத்துவர் லாரே அவருடைய மார்பை அகற்றினார். முகத்தின்மீது இட்ட மெல்லிய கைக்குட்டையின் ஊடாகக் கத்தியின் ஒளியைக் கண்டதை பர்னி எழுதியுள்ளார். அறுவை நாளில் கணவர் வீட்டில் இராதபடி அவரே ஏற்பாடு செய்துகொண்டார் என்பதும் நோக்கத்தக்கது. கடிதம் தமக்கை எஸ்தருக்கு எழுதப்பட்டது; மாதங்கள் கழித்தே தொடங்க முடிந்தது, 1812இல்தான் முடிந்தது. எழுதியதைத் திரும்பப் படிக்கவும் மனம் துணியவில்லை. ஆயினும் உடன்பிறந்தவள் கேட்கிறாள் என்ற ஒரே துணிவில் அப்பெண் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்; அதன்பின் 1840 வரை வாழ்ந்தார்.

அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978இல் மார்பை இழந்து, 1980இல் தம் புற்றுநோய்க் குறிப்பேடுகளை வெளியிட்டார். அந்நாட்டில் தெரேஸ் லாசர் என்பவர் 1952இல் தமக்கு நேர்ந்த அறுவைக்குப்பின், நோயுற்று மீண்டவரே புதிய நோயாளியைக் கண்டு பேசும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். நோயின் பெயரையே வாய்விட்டுக் கூறத் தயங்கிய காலத்தில் அது பெருஞ்செயல். அவ்வியக்கத்தின் சார்பில் வந்த பெண்மணி லார்டுக்குக் கம்பளியாலான செயற்கை மார்பு ஒன்றைத் தந்து, ஆடவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது எனத் தேற்றினார். லார்ட் கறுப்பினப் பெண், பெண்ணையே காதலித்தவர். அவருடைய அச்சம் மரணத்தைப் பற்றியது. அதைப் பற்றி எவரும் கேட்கவில்லை. பின்னர், பொய்ம்மார்பு அணியாமல் வருவது பிற நோயாளிகளின் மனத்தைத் தளர்த்தும் என்று மருத்துவரின் செவிலியே கடிந்துகொண்டார். அந்நூலின் சில பகுதிகள் மேடைப்பேச்சாய் நீள்கின்றன என்பது குறையே. எனினும் நல்லெண்ணத்தோடு வரும் துணையும் விடையைக் கையோடு கொண்டுவந்தால் மதுராபதியாகிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நூலைக் காண்பது அரிது.

தமிழ்த் திரைப்படம் இந்நோயை வேறு வகையில் பயன்படுத்திக்கொண்டது. ஸ்ரீதரின் நெஞ்சில் ஓர் ஆலயம் (1962) புற்றுநோய் அறுவையை நடுவாகக் கொண்ட படம். நோயாளி கணவன்; மருத்துவர் மனைவியின் பழைய காதலர். நோயாளியின் உடல் படும் பாட்டைவிட, மனைவியின் கற்பும் மருத்துவரின் தியாகமுமே அங்குச் சோதிக்கப்படுகின்றன. உருக்கமான படம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெண்ணுக்கு அங்கே வாய்த்த இடம் கட்டிலருகே உள்ள நாற்காலி. கட்டிலில் அவளே கிடக்கும்போது அந்நாற்காலியில் அமர்பவர் யார் என்ற வினா அப்படத்தில் எழ இடமில்லை.

இவ்வினாவை எழுப்புதற்குரிய களங்கள் மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்கு அருகிலேயே உள்ளன. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த்தை அடுத்துள்ள மாக் மண்டினை எடுத்துக்கொள்ளலாம்: தொழிற்பேட்டை, தமிழ்ப்பள்ளி, நெருங்கிய குடியிருப்புகள். அங்கே ஆலையில் வேலை செய்யும் பெண்ணொருத்திக்கு மார்பில் கட்டி தோன்றுகிறது என்று கொள்வோம். முதல் இடர் மொழியிலேயே உள்ளது. முலை, கொங்கை, தனம் என்று கூசாது பாடிய மொழியின் மகள், ‘நெஞ்சில் கட்டி’ என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொல்கிறாள். அதையும் பல மாதம் கழித்துச் சொல்கிறாள். மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் 2012–2016 அறிக்கைப்படி, மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் மூன்றாம், நான்காம் நிலையை எட்டிய பின்னரே மருத்துவரிடம் வந்தனர். மார்பை முழுதும் இழக்க நேரும் என்ற அச்சமும் தாமதத்திற்கு ஒரு காரணம். ஹால்ஸ்டெட் 1894இல் வெளியிட்ட முறை, மார்போடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து நீக்கியது. தொடக்கநிலை நோய்க்குக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தாலும் பிழைக்கும் வாய்ப்புக் குறையாது என்பதை வெரோனேசி 1981இலும் ஃபிஷர் 1985இலும் மெய்ப்பித்தனர். அச்சம் மட்டும் இன்னும் 1894இலேயே நிற்கிறது.

அறுவைக்குப் பின்வரும் நாட்களே கதைக்குரிய வளமான பகுதி. கதிர்வீச்சு வாரத்திற்கு ஐந்து நாளாக மூன்று முதல் ஐந்து வாரம் வரை தொடரும். மாக் மண்டின் பெண் தீவில் உள்ள தஞ்சோங் பூங்கா மவுண்ட் மிரியம் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டால், நாள்தோறும் படகிலோ பாலத்தின் வழியாகவோ நீரைக் கடந்து மீளவேண்டும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருபவர் யார்? அக்குள் கணுக்கள் நீக்கப்பட்ட கை வீங்கினால் ஆலை இயந்திரத்தில் மீண்டும் அமர இயலுமா? இரவில் கணவனின் முன் உடை மாற்றுவது எவ்வாறு? 1986இல் தொடங்கப்பட்ட மலேசிய மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம், நோயுற்று மீண்ட பெண்களையே தன்னார்வலராகக் கொண்டு இத்தகைய வினாக்களுக்குச் செவிகொடுத்து வந்துள்ளது. தோட்டப்புறத்தில் பால்மரக் காட்டின் துயரைக் கண்ணீரோடு எழுதிய நம் சிறுகதை, ஆலை வாயிலில் நிற்கும் இப்பெண்ணைக் கண்டுகொள்ளவேண்டிய காலம் இது. அவளைச் சாகடித்துக் கதையை முடிப்பது எளிது. பிழைத்து மறுநாள் வேலைக்குப் போகிறவளை எழுதுவதற்கே உழைப்பு வேண்டும்.

மொழியாசிரியர் கவனத்திற்குரிய செய்தி ஒன்றும் உண்டு. சூசன் சொன்டாக் தாமும் மார்பகப் புற்றுநோயாளியாக இருந்து, 1978இல் நோயை உருவகமாக்கும் வழக்கத்தைக் கண்டித்து நூல் எழுதினார். தம் நோயை அதில் குறிப்பிடவே இல்லை. தீயவற்றை எல்லாம் புற்றுநோய் என அழைப்பது, அந்நோயுற்றவரைத் தீமையோடு பிணைத்துவிடும் என்பது அவர் வாதம். கையூட்டையும் போதைப்பொருளையும் சமுதாயத்தின் புற்றுநோய் என எழுதும் மாணவனின் தாய், அவ்வேளையில் தலைமுடி உதிர்ந்து வீட்டில் படுத்திருக்கக்கூடும். கட்டுரை ஏட்டில் அவ்வுருவகத்தின் பக்கத்தில் விழும் சிவப்பு மைக்குறி, பெரும்பாலும் ‘நன்று’ என்பதே.