காற்றா, எண்ணெயா?

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில், விட்டியர் புல்வார்டில் ஊர்ந்து வரும், தரையொட்டித் தாழ்த்திய லோரைடர் கார்களைக் கண்ணை மூடிக்கொண்டே இனம் பிரித்துவிடலாம். ‘உஸ்ஸ்’ என்று மூச்சு விட்டபடி தரைக்குத் தணிந்தால் அது காற்று சஸ்பென்ஷன். ரப்பர் பைகள் மெத்தென்று ஏந்துவதால் தினசரி ஓட்டத்துக்கு அதுவே சுகம். பம்பு கிறீச்சிட்டு, முன்பக்கம் வெடுக்கென்று எழும்பினால் அது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்ஸ்.

என் ஓட்டு எண்ணெய்க்குத்தான். டிக்கியில் வரிசையாக பேட்டரிகள், பளபளக்கும் குரோம் குழாய்கள், ஒரு சொட்டுக்கூடக் கசியாத இணைப்புகள். அந்த நேர்த்திக்கே எத்தனை பொறுமை வேண்டும்! காற்று அமுங்கிக் கொடுக்கும்; எண்ணெய் கொடுக்காது. அதனால் சுவிட்சைத் தட்டிய விரலுக்கு உடனே பதில் வந்துவிடுகிறது. 1964 இம்பாலாவின் மூக்கைத் துள்ள வைக்கும் கைதேர்ந்தவர், கார் இறங்கி ஸ்பிரிங் அமுங்கும் தருணம் பார்த்துத்தான் மறுபடி தட்டுகிறார். முந்தினால் துள்ளல் செத்துவிடும். சவாரி கொஞ்சம் முரடுதான். இடுப்பு வலிக்காரர்கள் காற்றையே வாங்கிக்கொள்ளட்டும்.