வலியறிதலும் பயனறிதலும்: போக்கிமான் விளையாட்டில் உயிரியை மதிப்பிடும் முறை – ஒரு குறள்வழிப் பார்வை

முன்னுரை

போர்ட் கிள்ளானில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு மாலை வேளையில் தமிழ் இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், வலியறிதல் அதிகாரத்தை விளக்கும்போது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இது போக்கிமானுக்கு அணி அமைப்பதைப் போல இருக்கிறதே" என்றார். வகுப்பு சிரித்தது. அன்று அக்கூற்றைச் சிரிப்போடு கடந்து பாடத்தைத் தொடர்ந்தேன். பின்னர் அவ்விளையாட்டின் போர் விதிகளைக் கற்று, அதனை ஆடுவோர் உயிரிகளை எவ்வாறு தரம் பிரிக்கின்றனர் என்பதையும் கண்டபோது, அம்மாணவர் சொன்னதில் ஆராயத்தக்க பொருள் உண்டு என்பது தெளிவாயிற்று.

விலங்குகளையும் பறவைகளையும் பொரவிட்டுக் காணும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் புறச்சேரியில் ஆட்டுக்கடாவும் சிவலும் விளையாடும் காட்சியைத் தருகின்றது. திருவள்ளுவரும் பொருட்பாலில் அரசியலை விளக்கக் காக்கை, கூகை, முதலை, யானை, நரி, பொருதகர் ஆகியவற்றின் போரையே உவமையாக்குகின்றார். ஆகவே, கற்பனை உயிரிகள் பொரும் ஒரு கணினி விளையாட்டைக் குறளின் துணைகொண்டு நோக்குவது வலிந்து பொருத்துவதாகாது. ஓர் உயிரி 'பயனுள்ளது' என்று எதனைக்கொண்டு முடிவு செய்கின்றோம் என்பதே இக்கட்டுரையின் வினா.

விளையாட்டின் அமைப்பு

போக்கிமான் 1996-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்தது. அதனைப் படைத்தவர் சத்தோஷி தாஜிரி. சிறுவயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் அவர் கொண்டிருந்த ஆர்வமே இவ்விளையாட்டுக்கு வித்தாயிற்று. தொடக்கத்தில் 151-ஆக இருந்த உயிரிகள் இன்று 1,000-ஐக் கடந்துள்ளன. ஒவ்வோர் உயிரிக்கும் உயிர்நிலை, தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் என ஆறு அடிப்படை எண்கள் உள்ளன. இவற்றோடு நெருப்பு, நீர், மின்சாரம் முதலிய 18 வகைகளுள் ஒன்றோ இரண்டோ அதற்கு உரியன. இயல்புத்திறன் ஒன்றும், போரில் கையாளத்தக்க செயல்கள் நான்கும் உண்டு.

உலகப் போட்டிகளில் வழங்கும் இரட்டையர் முறையில் ஆட்டக்காரர் ஆறு உயிரிகளைக் கொண்டுவருவார். எதிரியின் அணியைப் பார்த்தபின் அவற்றுள் நான்கைத் தேர்ந்து, இரண்டிரண்டாகக் களத்தில் நிறுத்துவார். இத்தேர்வின்போதுதான் 'இது பயன்படுமா' என்னும் வினா எழுகின்றது.

தன்வலியும் கூட்டுத்தொகையும்

புதிதாக ஆடவருவோர் பெரும்பாலும் ஆறு எண்களையும் கூட்டி, தொகை மிக்கதே சிறந்தது என முடிவு செய்கின்றனர். வள்ளுவர் 471-ஆம் குறளில் வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி என நான்கனையும் சீர்தூக்குமாறு கூறுகின்றார். கூட்டுத்தொகையோ அந்நான்கனுள் தன்வலி ஒன்றனை மட்டுமே காட்டுவது. அதனையும் அது முழுமையாகக் காட்டுவதில்லை.

ஸ்லேக்கிங் என்னும் உயிரி இதற்குத் தக்க சான்று. அதன் கூட்டுத்தொகை 670. தெய்வத்தன்மை வாய்ந்தனவாகக் கதையில் போற்றப்படும் உயிரிகள் பலவும் இத்தொகையை எட்டுவதில்லை. ஆயினும் சோம்பல் என்னும் இயல்புடைய அது ஒரு சுற்றில் செயற்பட்டால் அடுத்த சுற்றில் வாளா இருக்கும். எதிரி அச்சுற்றைத் தனக்கு ஆக்கமாகப் பயன்படுத்திக்கொள்வான். 670 என்னும் எண் பொய்யன்று. ஆனால், அவ்வலிமை களத்தில் எத்தனை சுற்றுகளுக்குக் கைகொடுக்கும் என்பதை அவ்வெண் சொல்வதில்லை.

இவ்விடத்தில் தெரிந்து தெளிதல் அதிகாரத்தின் 504-ஆம் குறள் ஒரு தடையாகத் தோன்றலாம். குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து மிகுந்ததைக்கொண்டு ஒருவரைத் தெளிய வேண்டும் என்பது அதன் கருத்து. இதுவும் ஒருவகைக் கூட்டல் கழித்தல்தானே என வினவலாம். பரிமேலழகர் இங்கு நுட்பமான விளக்கம் தருகின்றார். மிகுதி என்பது பன்மையால் மட்டுமன்றித் தலைமையாலும் அமையும் என்பது அவர் கொள்கை. எண்ணிக்கையில் ஒன்றேயாயினும் தலைமை வாய்ந்த குற்றம் பல குணங்களை விஞ்சிவிடும் என்பது இதனால் பெறப்படும். ஸ்லேக்கிங்கின் ஆறு எண்களும் ஒருபுறம் நிற்க, சோம்பல் ஒன்றே மறுபுறம் நின்று தராசைச் சாய்க்கின்றது. எண்ணிக் கூட்டுவோர் தவறுவது இத்தலைமையைக் காணாமையால்தான்.

வினைவலியும் துணைவலியும்

இதற்கு மறுதலையான சான்று, 2014-ஆம் ஆண்டு வாஷிங்டனில் நடைபெற்ற உலகப் போட்டியில் கிடைத்தது. தென்கொரியாவின் சேஜுன் பார்க் தம் அணியில் பச்சிரிசு என்னும் சிறிய அணில் போன்ற உயிரியைக் கொண்டுவந்தார். அதன் கூட்டுத்தொகை 405 மட்டுமே. தாக்குதல் எண் 45. அதனைப் போட்டிக்குரியதாக எவரும் பொருட்படுத்தியதில்லை. எனினும் அவர் அவ்வணியோடு அவ்வாண்டின் உலக வாகையராயினார்.

அது நிகழ்ந்த முறை நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. சேஜுன் பார்க்கின் அணியில் கியாரடோஸ் என்னும் வலிய உயிரி இருந்தது. அது நீர், பறத்தல் ஆகிய இருவகையும் உடையது. இவ்விரண்டும் மின்சாரத்துக்கு அஞ்சுவன. ஆதலால் மின்தாக்குதல் அதன்மேல் நான்கு மடங்காக விழும். பச்சிரிசு 'ஃபாலோ மீ' என்னும் செயலால் எதிரியின் தாக்குதலைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். மேலும், மின்தாக்குதலை ஏற்றால் அதன் உயிர்நிலை குறைவதற்கு மாறாகக் கூடும். அஃது அதன் இயல்புத்திறன். இவ்வாறு கியாரடோஸ் அஞ்சவேண்டிய தாக்குதலே பச்சிரிசுவுக்கு உணவாயிற்று. பச்சிரிசு காத்து நிற்க, கியாரடோஸ் தடையின்றித் தாக்கியது.

துணைவலி என்பதன் பொருள் இங்குத் தெளிவாகின்றது. துறைமுகத்தில் வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கொள்கலன்களை மலைபோல் அடுக்கிவரும் பெருங்கப்பல் போர்ட் கிள்ளானை நெருங்கியதும், கரையணைவதற்குச் சிறிய இழுவைப் படகின் உதவியை நாடுகின்றது. படகின் சுமைத்திறனைக் கப்பலின் சுமைத்திறனோடு ஒப்பிட்டுப் படகைப் பயனற்றது என்பார் எவருமிலர். கப்பலின் வினை வேறு, படகின் வினை வேறு.

வினைவலியின் இடமும் இதனோடு இணைந்ததே. பச்சிரிசுவை ஒன்றுக்கொன்று பொரும் ஒற்றையர் முறையில் இறக்கினால், காப்பதற்கு அருகில் துணை இல்லாமையால் 'ஃபாலோ மீ' வீணாகிவிடும். உயிரி மாறவில்லை, அதன் எண்களும் மாறவில்லை. மேற்கொண்ட வினை மாறியதால் பயன் மாறிவிட்டது. இச்செயலை இக்கருவியால் இவன் முடிப்பான் என்று ஆராய்ந்து அவனிடம் விடுக என்னும் 517-ஆம் குறளின் கருத்தில், ஆள், கருவி, வினை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. ஆளை மட்டும் தனியே பிரித்து மதிப்பிட அக்குறள் இடம் தரவில்லை.

மாற்றான் வலியும் பயன்பாட்டுப் பட்டியலும்

ஷெடிஞ்சா என்னும் உயிரியின் உயிர்நிலை 1. கூட்டுத்தொகை 236. ஆயின் நெருப்பு, பறத்தல், பாறை, ஆவி, இருள் ஆகிய ஐவகைத் தாக்குதல்களே அதனைத் தீண்டும். ஏனைய நேர்த்தாக்குதல்கள் பயனிலவாகும். எதிரியிடம் இவ்வைந்தும் இல்லையேல், அவன் நஞ்சு, மணற்புயல் முதலிய மறைமுக வழிகளையே நாடவேண்டியிருக்கும். இவற்றுள் ஒன்றைப் பெற்றிருப்பானாயின் ஷெடிஞ்சா ஒரே சுற்றில் வீழும். இவ்வுயிரி வலியதா மெலியதா என்னும் வினாவுக்கு, எதிரியைக் காணாமல் விடை கூற இயலாது.

எதிரியை முன்னறியும் பொருட்டே பயன்பாட்டுப் பட்டியல்கள் எழுந்தன. ஸ்மோகன் என்னும் ஆர்வலர் அமைப்பு, உயிரிகள் எவ்வளவு அடிக்கடி ஆளப்படுகின்றன என்பதைக் கணக்கிட்டு அவற்றைத் தரம் பிரிக்கின்றது. பெரும்பயன்பாட்டுத் தரத்துக்கு அது வகுத்த எல்லை 4.52 விழுக்காடு. 15 போர்களில் ஒரு முறையேனும் ஓர் உயிரி எதிர்ப்படும் வாய்ப்புப் பாதியாக இருக்க வேண்டும் என்பதே இவ்வெண்ணின் பொருள். முன்னர் இது 20 போர்களுக்கு 3.41 விழுக்காடாக இருந்தது.

இப்பட்டியலைக் குறைகூறுவோர் பலர். ஆயினும் கூட்டுத்தொகையைவிட இது மேலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டுத்தொகை உயிரியைத் தனியே நிறுத்தி அளக்கின்றது; பட்டியலோ பல்லாயிரம் போர்களில் பட்டறிந்தவர்களின் தேர்வைத் தொகுக்கின்றது. எதனை எதிர்பார்த்து அணி அமைக்க வேண்டும் என்பதற்கு, அதாவது மாற்றான்வலியை அறிவதற்கு, அது நல்ல கருவி.

பட்டியலின் குறை வேறிடத்தில் உள்ளது. பலர் ஆள்வதால் ஓர் உயிரி மேல்தரம் பெறுகின்றது. மேல்தரம் பெற்றதால் மேலும் பலர் ஆள்கின்றனர். கீழ்த்தரத்தில் உள்ளதை எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. 'எது வழக்கில் உள்ளது' என்னும் வினாவுக்குரிய விடையை 'எது பயன்படும்' என்னும் வினாவுக்குரிய விடையாகக் கொள்வதே பிழை.

காலமும் இடமும்

வலியறிதலை அடுத்துக் காலமறிதலையும் இடனறிதலையும் வள்ளுவர் வைத்துள்ளார். நான்கு வலியும் நிலையானவையல்ல என்பதை இவ்வைப்புமுறை உணர்த்துகின்றது. பகலில் காக்கை தன்னினும் வலிய கூகையை வெல்லும் (குறள் 481). முதலை ஆழ்நீரில் பிறவற்றை வெல்லும். நீரைவிட்டு நீங்கின் பிற அதனை வெல்லும் (குறள் 495).

டோர்கோல் என்னும் ஆமை போன்ற உயிரியின் வேகம் 20. அதன் 'எரப்ஷன்' என்னும் நெருப்புத் தாக்குதல் உயிர்நிலை முழுமையாக இருக்கும்போது பெருவலி உடையது. உயிர்நிலை குறையக் குறைய அதுவும் தேயும். மெல்ல நகரும் ஆமை தாக்கும் முறை வருமுன்னே அடிபட்டுவிடுமாகையால், வேகக் குறைவு அதற்குப் பெருங்குற்றமாகும். ஆனால் துணை உயிரி 'டிரிக் ரூம்' என்னும் செயலைப் புரிந்தால், ஐந்து சுற்றுகளுக்கு வேகம் குறைந்ததே முதலில் செயற்படும். அப்பொழுது முன்பு குற்றமாயிருந்ததே குணமாகிவிடுகின்றது. 2016-இல் வெளிவந்த பதிப்பு, களத்துக்கு வந்தவுடன் கடும் வெயிலை உண்டாக்கும் இயல்பையும் டோர்கோலுக்கு அளித்தது. வெயிலில் நெருப்பின் வலி ஒன்றரை மடங்காகும். எதிரி மழையை வரவழைப்பின் அது பாதியாகும். நீரில் முதலைக்கும் கரையில் முதலைக்கும் உள்ள வேறுபாடே இது.

இதற்கு எதிர்நடவடிக்கையும் உண்டு. ஒரு சுற்றுக்குத் தாக்குதலைத் தடுக்கும் 'புரொடெக்ட்' என்னும் செயலைக்கொண்டு, எதிரியின் ஐந்து சுற்றுகளுள் ஒன்றை வீணாக்கலாம். புதியவர்க்கு இது கோழைத்தனமாகத் தோன்றும். ஊக்கமுடையவன் காலம் நோக்கி ஒடுங்கியிருத்தலை, பொருகின்ற ஆட்டுக்கடா தாக்கும்பொருட்டுப் பின்வாங்குதலோடு 486-ஆம் குறள் ஒப்பிடுகின்றது. அடுத்தடுத்துச் செய்யின் 'புரொடெக்ட்' பெரும்பாலும் தவறிவிடும் என்பதும் விளையாட்டின் விதி. பின்வாங்கல் தாக்குவதற்காகவே அமைய வேண்டும் என்பதை அவ்விதி வற்புறுத்துகின்றது.

ஒப்பீட்டின் எல்லை

இவ்வொப்பீட்டை மிகைப்படுத்தலாகாது. விளையாட்டில் எண்கள் அனைத்தும் வெளிப்படையானவை; விதிகள் முன்னரே வகுக்கப்பட்டவை. வள்ளுவரின் அரசனோ மறைந்து நிற்கும் மனிதர்களைத் தெளிய வேண்டியவன்.

மற்றோர் ஐயமும் எழலாம். எவ்வுயிரியும் ஏதோ ஒரு சூழலில் பயன்படும் எனின், 'எல்லாம் சமம்' என்னும் வெற்றுரையில் முடியாதா? முடியாது. சேஜுன் பார்க்கின் அணியிலும் தாக்கும் வினை கியாரடோஸ் முதலியவற்றுக்கே உரியதாயிற்று; பச்சிரிசுவிடம் அஃது ஒப்படைக்கப்படவில்லை. பொருத்தமான துணையின்றிப் பச்சிரிசுவை மட்டும் எடுத்துத் தம் அணியில் சேர்ப்போர், வெற்றியின் பெயரை எடுத்துக்கொண்டு அதன் காரணத்தை விட்டவராவர். மெலியதை வலியது எனப் போற்றுவது வலியறிதலன்று. அதன் மெலிவை அறிந்தே, அம்மெலிவு தடையாகாத வினையைத் தேர்வதே வலியறிதல்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், உயிரியின் பயன் அதனுள் மட்டும் உறையும் பண்பன்று என்பதும், வினை, எதிரி, துணை, காலம், இடம் ஆகியவற்றோடு அது கொள்ளும் தொடர்பே பயன் என்பதும் தெளியப்படும். கூட்டுத்தொகை தன்வலியின் ஒரு பகுதியையும், பயன்பாட்டுப் பட்டியல் மாற்றான்வலியின் ஒரு பகுதியையும் காட்டுகின்றன. இரண்டும் தேவையானவை, எனினும் இரண்டும் சேர்ந்தும் முழு மதிப்பீடு ஆகா.

மலேசியாவில் யு.பி.எஸ்.ஆர் தேர்வு 2021-இலும் பிடி3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்டன. தேர்வுகள் நீங்கினாலும், பிள்ளைகளை ஒற்றைத் தொகையால் வரிசைப்படுத்தும் பழக்கம் நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் எளிதில் நீங்குவதாக இல்லை. அன்று வகுப்பில் எழுந்து பேசிய மாணவர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவர். இலக்கியத் தேர்வில் உயர்ந்த புள்ளி பெற்றவரல்லர். ஆயினும் வலியறிதலின் நான்கு கூறுகளும் ஒருங்கே இயங்குவன என்பதை, உரைகளைப் படித்திருந்த ஆசிரியனுக்கு முன்னரே கண்டவர் அவர்தாம். அவர் கருத்தை அன்றே வகுப்பின் ஆய்வுப் பொருளாக்காமல் விட்டது, மதிப்பிடுவதில் என்பால் நிகழ்ந்த பிழை.