மன்னிப்பும் மறுவாழ்வும்: 'குற்றமும் தண்டனையும்' நாவலில் இறைநம்பிக்கையின் இரு நிலைகள்

ரஷ்ய நாவலாசிரியர் பியோதர் தஸ்தயேவ்ஸ்கி (1821-1881) 1865ஆம் ஆண்டில் 'குடிகாரர்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நாவல் எழுதத் திட்டமிட்டார். குடிப்பழக்கம் குடும்பத்தையும் குழந்தைகளையும் எவ்வாறு சிதைக்கின்றது என்பதே அதன் பொருளாக அமையவிருந்தது. அந்நாவல் தனியே உருப்பெறவில்லை. அதன் கரு, 1866இல் இதழொன்றில் தொடராக வெளிவந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலுள் மர்மெலாதவ் குடும்பத்தின் கதையாகக் கலந்தது. கொலைகாரன் ஒருவனின் மனப்போராட்டமாகவே பெரிதும் பேசப்பட்டுவரும் இந்நாவலை இக்கிளைக்கதையின் வழி நோக்கும்போது வேறொரு வினா எழுகின்றது. அடிமைப்பழக்கத்தாலும் பெருந்துயராலும் சிதைந்த மனிதனுக்குக் கிறித்தவ நம்பிக்கை அளிப்பது ஆறுதலையா, மாற்றத்தையா? இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை நாவல் உணர்த்தும் திறத்தை இக்கட்டுரை ஆராய்கின்றது.

மர்மெலாதவின் நம்பிக்கை

மர்மெலாதவ் வேலையிழந்த அரசு அலுவலன். மனைவியின் காலுறைகளையும் சால்வையையும் விற்றுக் குடித்தவன். குடும்பத்தின் பசிக்காக மகள் சோனியா தன் உடலை விற்க நேர்ந்ததை அறிந்தும், அவளிடமே முப்பது கோபெக்குகளைப் பெற்று வந்து குடிக்கின்றான். மதுக்கடையில் ரஸ்கோல்நிகவிடம் அவன் ஆற்றும் நீண்ட உரை நாவலின் புகழ்பெற்ற பகுதிகளுள் ஒன்று. இறுதித் தீர்ப்பு நாளில் இறைவன் குடிகாரர்களையும் அருகழைப்பார் என்றும், தாம் தகுதியற்றவர் என அவர்கள் உணர்ந்திருப்பதே அதற்குக் காரணமாகும் என்றும் அவன் உருகுகின்றான்.

இவ்வுருக்கம் போலியன்று. இறைவனின் இரக்கத்திற்கு எல்லையில்லை என்னும் கருத்திலும் பிழையில்லை. ஆயினும் அவ்வுரை நிகழும் இடம் கருதத்தக்கது. கையில் மதுக்குவளை இருக்கும்போதே பாவ அறிக்கை செய்யப்படுகின்றது. வீடு திரும்பியதும் மனைவி அவன் தலைமயிரைப் பற்றி இழுக்கின்றாள். அதுவும் தனக்கு இன்பமே என்கின்றான் அவன். குடி, குற்றவுணர்வு, கண்ணீர், மீண்டும் குடி எனச் சுழலும் வட்டத்தில் நம்பிக்கையும் ஒரு கண்ணியாகிவிடுகின்றது. மன்னிப்பை முன்னரே பெற்றுவிட்டவனாகத் தன்னைக் கருதுபவனுக்கு மாறவேண்டிய தேவை எழுவதில்லை.

காத்தரீனாவின் எதிர்க்குரல்

இவ்வுரைக்கான மறுப்பு அவன் மனைவி காத்தரீனா இவானவ்னாவின் வாயிலாக வெளிப்படுகின்றது. குதிரை வண்டியின் அடியில் சிக்கி மர்மெலாதவ் இறக்கும் தறுவாயில், அவனை மன்னிக்குமாறு பாதிரியார் அவளை வேண்டுகின்றார். வண்டியில் சிக்காதிருந்தால் அவன் குடித்துவிட்டு வந்து உறங்கியிருப்பான். தான் விடியும்வரை அவனுடைய கந்தல்களைத் துவைத்துக்கொண்டிருப்பாள். இதில் மன்னிப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கின்றது என்று அவள் கேட்கின்றாள். இருமல் எழுகின்றது, கைக்குட்டையில் இரத்தம் படிகின்றது. பாதிரியார் தலைகவிழ்ந்து மௌனமாகின்றார். அம்மௌனத்தை ஆசிரியர் எந்த விளக்கத்தாலும் நிரப்பவில்லை. குடிப்பவனின் மீட்பைப் பற்றிப் பேசும் எந்தச் சமயச் சிந்தனையும், அவனால் துன்புற்றோரின் கேள்விக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டுள்ளது என்பதே இக்காட்சியின் உட்கிடை.

சோனியாவின் நம்பிக்கை

அதே வீட்டில் வளர்ந்த சோனியாவின் நம்பிக்கை வேறு தன்மையது. ரஸ்கோல்நிகவுக்கு அவள் லாசரு உயிர்த்தெழும் பகுதியைப் படித்துக் காட்டுகின்றாள். அவள் கையிலுள்ள புதிய ஏற்பாடு, அவனால் கொல்லப்பட்ட லிசவேத்தா அவளுக்குத் தந்தது. மீட்பைப் பேசும் நூலே குற்றத்திற்குச் சான்றாகவும் நிற்கின்றது. பின்னர் அவன் தன் கொலையை வெளிப்படுத்தும்போது, இறைவன் மன்னித்துவிட்டார் என்று அவள் கூறவில்லை. அவனைத் தழுவிக்கொள்கின்றாள், அடுத்து, நாற்சந்தியில் மண்ணை முத்தமிட்டு உலகறியக் குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு பணிக்கின்றாள், தண்டனையில் உடன்வருவதாகவும் உறுதியளிக்கின்றாள். தந்தையின் நம்பிக்கை பொறுப்பிலிருந்து விடுவிக்கின்றது; மகளின் நம்பிக்கையோ பொறுப்பின்பால் செலுத்துகின்றது.

பின்னுரை பற்றிய ஐயம்

ரஸ்கோல்நிகவின் மனமாற்றத்தைக் கூறும் பின்னுரை கதையோடு ஒட்டவில்லை என்பது கான்ஸ்தந்தீன் மொச்சூல்ஸ்கி முதலிய திறனாய்வாளர் எழுப்பிய ஐயம். சைபீரியச் சிறையிலும் நெடுநாள் மனம் வருந்தாதவன், ஆற்றங்கரையில் ஒரு காலைப்பொழுதில் மாறிவிடுவது அவர்களுக்கு நம்பத்தக்கதாக இல்லை. ஆனால் பின்னுரை உண்மையில் கூறுவது மிகக் குறைவே. தலையணையின்கீழ் இருக்கும் புதிய ஏற்பாட்டை அவன் கையில் எடுக்கின்றான்; திறக்கவில்லை. தண்டனையில் இன்னும் ஏழாண்டுகள் எஞ்சியுள்ளன. புதுவாழ்வு விலையின்றிக் கிட்டாது என்பதைச் சுட்டி, அக்கதையைச் சொல்லாமலே ஆசிரியர் விடைபெறுகின்றார். அங்குக் காட்டப்படுவது தொடக்கமேயன்றி நிறைவன்று.

இத்தன்னடக்கத்திற்கு ஆசிரியரின் வாழ்க்கை ஒரு விளக்கம் தருகின்றது. 1849 டிசம்பரில் கொலைக்களத்தில் நிறுத்தப்பட்டு, இறுதி நொடியில் மரண தண்டனை நீக்கப்பட்டவர் அவர். சைபீரியாவுக்குச் செல்லும் வழியில், தபோல்ஸ்க் நகரில் பெற்ற புதிய ஏற்பாட்டை வாழ்நாள் முழுதும் உடன்வைத்திருந்தார். ஆயினும் 1860களில் சூதாட்டத்திற்கு அடிமையானார். 'குற்றமும் தண்டனையும்' முடிவதற்கு முன்பே, 1866 அக்டோபரில், 'சூதாடி' என்னும் நாவலைச் சுருக்கெழுத்தாளர் அன்னாவிடம் 26 நாள்களில் சொல்லி எழுதுவித்தார். மறு ஆண்டு அவரையே மணந்தார். சூதாட்டம் 1871 வரை தொடர்ந்தது. எனவே பின்னுரையை எழுதியவர் மீண்டு முடித்தவரல்லர், இன்னும் மீளாதவர். திறவாத அந்நூலை வெற்றி முழக்கமாகக் கொள்வதினும், மீட்பை அடைந்ததாகச் சொல்லிக்கொள்ள மறுக்கும் நேர்மையாகக் கொள்வதே பொருந்தும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், ஒரே நம்பிக்கை ஒருவனை வீழ்ச்சியிலேயே நிலைநிறுத்தவும், மற்றொருவனை எழச்செய்யவும் வல்லது என்பது புலனாகின்றது. நம்புபவன் சிந்தும் கண்ணீரின் அளவு இவ்வேறுபாட்டிற்குக் காரணமன்று. தன்னால் துன்புற்றவரின் முகத்தை அவன் நோக்குகின்றானா என்பதிலேயே அது தங்கியுள்ளது. காத்தரீனாவின் கேள்விக்கு நாவலில் எவரும் சொல்லால் விடையளிக்கவில்லை. சோனியா சைபீரியாவுக்கு உடன்சென்றதே நாவல் அளிக்கும் ஒரே விடையாகும்.