ஜீப்புக்கு ஒரு அணியம்

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் டிரெய்லருக்குப் பின்னால் ஜீப் ஓட்டிப் பாருங்கள். பள்ளம் கண்ணில் படுவதற்குள் அடியில் ‘டங்’ என்று கேட்கும். அடி வாங்கியது ஆயில் சேம்பர். விரிசல் விட்டு ஆயில் வடிந்தால் இன்ஜின் சீஸ்தான்.

அசோக் லேலண்டும் ராயல் என்ஃபீல்டும் வளர்ந்த மண் இது. இரும்பை வளைக்கும் கைகளுக்குப் பஞ்சமா? பட்டறையில் சொன்னால் சேம்பருக்குக் கீழே தகடு அடித்துத் தருவார்கள். இரண்டடிக்கு மூன்றடி, 4 மி.மீ. இரும்பு என்றால் பதினேழரை கிலோ வரும். அலுமினியம் மூன்றில் ஒரு பங்கு கனம்தான். விலை கையைக் கடிக்கும்.

எனக்குப் பிடித்தது தகட்டின் முன்விளிம்பு. காசிமேட்டுப் படகின் அணியம் மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் வண்டி கல்லின் மேல் வழுக்கி ஏறும். தட்டையாக விட்டால் தகடு மண்வெட்டியாகிவிடும்! போல்ட் தலைகள் தகட்டுக்குள் பதிந்திருக்கட்டும். துருத்தினால் முதல் பாறையே சீவிவிடும், அப்புறம் ஸ்பேனர் பிடிக்காது. ஆயில் இறக்க ஓர் ஓட்டை வேண்டும். சேஸில் வெல்டு மட்டும் வைக்க விடாதீர்கள், போல்ட்டே போதும்.

உப்புக் காற்று ஊர். மழைக்காலம் முடிந்ததும் கழற்றி, சேற்றைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு ஒரு கை அடித்துவிடுங்கள்.