மண்டேலா பத்தாங் காலியில் பிறந்திருந்தால்

198. உலு சிலாங்கூர்க்காரர்களுக்கு இந்த எண் இன்னும் ஞாபகம் இருக்கும். 1990 முதல் அந்த நாடாளுமன்றத் தொகுதியைக் கையில் வைத்திருந்த ம.இ.கா.வின் ஜி.பழனிவேல், 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் பி.கே.ஆரின் சைனல் அபிடின் அகமட்டிடம் 198 ஓட்டில் தோற்றார். ஒரு தோட்டத்து லயங்களில் இருக்கிற ஓட்டே அவ்வளவு தேறும். பத்தாங் காலி அந்தத் தொகுதிக்குள் வருகிற ஒரு சட்டமன்றத் தொகுதி. அதனால்தான் மடோன் அஸ்வினின் 'மண்டேலா' படத்தை எங்கள் பக்கத்து ஆட்களால் வெறும் கற்பனையாகப் பார்க்க முடிவதில்லை. ஒரே ஓட்டு ஊரின் தலைவிதியைத் தீர்மானிக்கும் என்பது சூரங்குடியில் கதை. எங்களுக்கு அது ஏறக்குறைய நடந்து முடிந்த விஷயம்.

2021 ஏப்ரலில், தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பாகத் தொலைக்காட்சியில் நேரடியாக வெளியான படம் அது. சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த வசனம் என இரண்டு தேசிய விருதுகள் வாங்கியது. கதை தெரிந்ததுதான். ஊர் இரண்டு சாதியாகப் பிரிந்து கிடக்கிறது. பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு அண்ணன் தம்பி இருவரும் நிற்கிறார்கள். கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் சரிசமம். ஊரே இளக்காரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த, பெயர்கூட இல்லாத ஒரு முடிதிருத்துபவரின் ஓட்டு மட்டும் மிச்சம். யோகி பாபு அந்தப் பாத்திரத்தில் முகத்தை அதிகம் அசைக்காமலே நடித்திருப்பார். பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறவனைக் கேலி செய்வது நம் சினிமாவுக்குக் கைவந்த கலை. இந்தப் படம் அதைச் செய்யவில்லை. பசியோடு இருக்கிறவன் ஏன் கைநீட்டுகிறான் என்பதைப் பொறுமையாகக் காட்டியது. அதற்காகவே எனக்குப் பிடித்த படம். பிடித்த படம் என்பதால்தான் அதோடு சண்டை போடவும் தோன்றுகிறது.

முதல் சண்டை பெயரைப் பற்றியது. அஞ்சலகத்தில் வேலை செய்யும் தேன்மொழி அவனுக்கு ஒரு பெயர் வைக்கிறாள். சில காட்சிகளுக்குள் அடையாள அட்டை வருகிறது, வாக்காளர் பட்டியலில் இடமும் வருகிறது. இந்த இடத்தில் என் பாட்டி சிரித்தது நினைவிருக்கிறது. "அவ்ளோ சீக்கிரமா குடுத்துட்டாங்க?" என்று கேட்டார். அவர் கையில் இருப்பது சிவப்பு ஐசி. நிரந்தரவாசி என்று பொருள். இந்த மண்ணில் பால்மரம் வெட்டலாம், பிள்ளை பெறலாம், சாகலாம். ஓட்டுப் போட முடியாது.

இது ஒரு பாட்டியின் கதை மட்டுமல்ல. 1948 மலாயா கூட்டரசு ஒப்பந்தம் குடியுரிமைக்குக் கடுமையான நிபந்தனைகள் வைத்தது. பிறந்த மண்ணே குடியுரிமை தரும் என்ற விதி 1957 ஆகஸ்ட் 31 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களும் கப்பலில் வந்தவர்களும் மனுப் போட வேண்டும். அதிகாரி முன்னால் உட்கார்ந்து மலாய் தெரியும் என்று காட்ட வேண்டும். விடியுமுன் பிரட்டுக்குப் போய், பிற்பகலில் பால் கொட்டிவிட்டு வருகிற பெண்ணுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது? 1955 ஜூலையில் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது வாக்காளர்களில் இந்தியர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்கே பெர்மிட் எடுக்க வேண்டும் என்று 1960களின் கடைசியில் சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் ஊருக்குக் கப்பலேறினார்கள். மிச்சமிருந்த சிலர் சிவப்பு ஐசியோடு கிழவிகளானார்கள்.

இப்போது 18 வயதானால் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. 2022 நவம்பர் தேர்தலில் உங்களில் பலர் அப்படித்தான் முதல் ஓட்டைப் போட்டிருப்பீர்கள். நீல ஐசி இருந்தால் போதும். அதே வீட்டில், அதே மேசையில் சாப்பிடுகிற பாட்டிக்கு அந்தக் கதவு திறக்காது. 'மண்டேலா' பெயரைக் கதையின் தொடக்கமாக வைக்கிறது. எங்கள் பக்கம் அதுவே ஒரு முழுக் கதை. பல பேருக்கு அது முடியாமலே போன கதை.

இரண்டாவது, சூரங்குடியில் நடப்பது பஞ்சாயத்துத் தேர்தல். இந்தியாவில் 1992இல் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. ஊருக்குள் சாலை போடுகிறவரை ஊரே தேர்ந்தெடுக்கிற வழக்கம் அதனால் உறுதிப்பட்டது. மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976இல் வந்த சட்டம் அதை ஒரேயடியாக மூடிவிட்டது. உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நியமிக்கப்பட்டவர்கள். ஆக, என் வீட்டு முன்னால் கால்வாய் அடைத்துக்கொண்டால், அதற்குப் பொறுப்பானவரை என்னால் ஓட்டுப் போட்டுத் தூக்க முடியாது. சட்டமன்ற உறுப்பினரையோ நாடாளுமன்ற உறுப்பினரையோதான் பிடிக்க வேண்டும். தோட்டமாக இருந்தால் இன்னும் மோசம். அது தனியார் நிலம் என்ற ஒரே பதிலில் எல்லாம் முடிந்துவிடும். தண்ணீர்க் குழாய், தார்ச் சாலை, தெருவிளக்கு எல்லாம் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டதற்கு அந்தப் பதில்தான் காரணம்.

விளைவு என்ன? நாட்டை யார் ஆள்வது என்று கேட்கிற தேர்தலில், நாம் கால்வாயைப் பற்றிப் பேசுகிறோம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது அரசியல் அறிவில்லாத கூட்டமாகத் தெரியும். கால்வாயைக் கேட்க வேறு எந்த இடமும் கொடுக்காமல், கால்வாயைக் கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்வது நியாயமில்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது. படத்தின் திருப்பம் எது? தனக்கென்று கடை, துணிமணி, விருந்து என்று வாங்கிக்கொண்டிருந்த மண்டேலா, ஒரு கட்டத்தில் ஊருக்குச் சாலையும் பள்ளிக்கூடமும் கேட்க ஆரம்பிக்கிறான். அண்ணனும் தம்பியும் போட்டி போட்டுச் செய்து தருகிறார்கள். பார்க்கிற நமக்குக் கண் கலங்குகிறது. படம் நமக்குச் சொல்வது, ஓட்டை விற்காதே என்பதைவிட, நல்ல விலைக்கு விற்றுக்கொள் என்பதுதான். தனக்காகக் கேட்டால் லஞ்சம், ஊருக்காகக் கேட்டால் வளர்ச்சி.

இதை நாங்கள் பார்த்துவிட்டோம். சைனல் அபிடின் இறந்த பிறகு 2010 ஏப்ரல் 25 அன்று உலு சிலாங்கூரில் இடைத்தேர்தல் வந்தது. அப்போதைய பிரதமர் நஜிப் ராசா பட்டணத்துச் சீனப்பள்ளிக்கு 30 லட்சம் வெள்ளி தருவதாகச் சொன்னார். ஒரு நிபந்தனை, தேசிய முன்னணி ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் மறுநாளே காசோலை. கேட்டது ஒரு தனி ஆளின் சட்டைப்பைக்கு இல்லை, பள்ளிக்கூடத்துக்கு. மண்டேலா பாடத்தை முழு மதிப்பெண்ணோடு எழுதிய மாதிரி. அடுத்த மாதம் சிபு இடைத்தேர்தலில் வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கும் அதே பேரத்தை வைத்தார். பிள்ளைகள் உட்கார வகுப்பறையும், வெள்ளம் வராத வீடும் ஓட்டுக்குக் கிடைக்கிற பரிசாகிவிட்டால், தோற்ற ஊர்ப் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? இந்தக் கேள்வியைப் படம் கேட்பதே இல்லை. உலு சிலாங்கூரில் ம.இ.கா.வின் பி.கமலநாதன் 1,725 ஓட்டில் ஜெயித்தார்.

அதைவிடக் கசப்பான உதாரணம் ஐந்து தோட்டங்கள். மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக். நிலம் கைமாறி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, இருநூறுக்கும் அதிகமான குடும்பங்கள் வீட்டுக்காகக் காத்திருந்தன. அவர்கள் கேட்டது ஆளுக்கொரு ஹம்பர் இல்லை. தலைமுறையாக உழைத்த நிலத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்க ஒரு வீடு. 2008, 2010, 2013, 2018, 2022 என்று ஓட்டுப் போட்டார்கள். தேசிய முன்னணி, பி.கே.ஆர்., பெரிக்காத்தான் என எல்லாரும் அந்த நாடாளுமன்றத் தொகுதியை ஆளுக்கொரு முறையாவது ஜெயித்துவிட்டார்கள். 2024 மே 11 அன்று கோலக் குபு பாரு சட்டமன்றத்துக்கு இடைத்தேர்தல் வந்தது. வாக்காளர்களில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் இந்தியர்கள். பக்காத்தானுக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று பேராசிரியர் இராமசாமி ஒரு பக்கம் அழைப்பு விடுத்தார். மறுபக்கம், அத்தனை காலம் கோப்பில் தூங்கிய அந்த வீட்டுப் பிரச்சினை மறுபடி மேடைக்கு வந்தது. அமைச்சர்கள் தோட்டத்துப் பெயர்களைச் சரியாக உச்சரித்தார்கள். ஜ.செ.க. வேட்பாளர் பாங் சொக் தாவ் ஜெயித்தார்.

இதைச் சொன்னபோது ஒரு நண்பர் கோபப்பட்டார். "பேரம் பேசாம வேற எதைத்தான் நாம பேச முடியும்? 2007 நவம்பர் 25 ரோட்ல எறங்குனதாலதான 2008ல அவங்களுக்குப் பயம் வந்துச்சு?" அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஹிண்ட்ராப் ஊர்வலத்துக்குப் பிறகுதான் இந்திய ஓட்டு என்ற சொல்லுக்கே மதிப்பு ஏறியது. ஏழைக்குக் கிடைத்த ஒரே துருப்புச் சீட்டை மேசையில் வைக்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நவம்பர் 25இல் தெருவில் நின்றவர்கள் விலை கேட்கவில்லை. கோயிலை ஏன் இடித்தாய், எங்களை ஏன் இந்நாட்டுக் குடிமக்களாக நடத்தவில்லை என்று கணக்குக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குத் தேர்தல் தேதி கிடையாது. பேரத்துக்கு உண்டு. அது ஓட்டுப்பெட்டி மூடும் நேரத்தோடு முடிந்துவிடும்.

படத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எனக்கு அதுதான் உண்மையான கனவாகத் தோன்றியது. மண்டேலாவுக்குத் தரகர் இல்லை. அவன் ஓட்டுக்காக அவனே பேசுகிறான். எங்கள் தோட்டங்களில் மண்டோர் ஓட்டைப் பேசினார், பிறகு கிளைத்தலைவர் பேசினார், இப்போது ஒய்.பி.யின் சிறப்பு அதிகாரி பேசுகிறார். தோட்டத்து ஆள் நேரடியாக நாற்காலியில் உட்கார்ந்து என்ன வேண்டும் என்று சொன்ன காட்சி அபூர்வம். யோகி பாபு அப்படி உட்காரும்போது எங்கள் வீட்டில் எல்லாரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அதற்காக மடோன் அஸ்வினுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இனி எழுத வேண்டியது அதற்கு அடுத்த கதையை. ஓட்டு வித்தியாசம் ஒன்று இல்லை, 198 இல்லை, இருபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். மண்டேலாவின் ஓட்டு யாருக்கும் தேவைப்படவில்லை. கூடாரத்தைப் பிரித்துவிட்டார்கள், கொடிகள் மழையில் தொங்குகின்றன. மறுநாள் காலை அவன் கழிப்பறை உடைந்து கிடக்கிறது என்று சொல்ல அலுவலகத்துக்குப் போகிறான். அங்கே இருக்கிறவர் எழுந்து வந்து பார்க்கிறாரா, இல்லையா? மலேசியத் தமிழில் எழுதுகிற இளைஞர்கள் யாராவது அந்தக் காலைப்பொழுதை எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.