பேராசிரியர் செ. சுந்தரலிங்கம்: ஒரு மதிப்பீடு

கல்விப் பெருமையும் அரசியற் பொறுப்பும் ஒருவர்பால் ஒருங்கே அமைதல் அரிது. அமைந்தவிடத்தும், அறிவு வகுத்த நெறியில் அரசியல் செல்லும் என்பது ஒருதலையன்று. இவ்வுண்மைக்குத் தக்க சான்று பேராசிரியர் செ. சுந்தரலிங்கத்தின் (1895–1985) வாழ்க்கையாகும்.

உரும்பிராயிற் பிறந்த இவர், ஒக்ஸ்போட்டிற் கணிதம் பயின்று, சிவில் சேவையைத் துறந்து, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக விளங்கினார். 1947இல் வவுனியாவின் பிரதிநிதியாகிச் சேனநாயக்கா அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானார். ஆயினும் இவரை அளக்கும் கோல் வவுனியாவிலன்று, பதுளையிலே கிடைக்கின்றது.

பசறை, லுணுகலை, அப்புத்தளை, நமுனுகுலைச் சாரல் எங்கணும் தேயிலையை வளர்த்த தமிழரை நாடற்றவராக்கியது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்கு அது சான்று கேட்டது. லயத்திற் பிறந்து, பிறப்புப் பத்திரமின்றி வளர்ந்தோர் எச்சான்றைக் காட்டுவர்? அச்சட்டம் நிறைவேறிய ஆகஸ்டில் சுந்தரலிங்கம் அமைச்சராகவே இருந்தார்.

அவ்வாண்டு டிசம்பரில், இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமை மசோதாவின் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பின்போது அவர் சபையை விட்டு வெளியேறினார். பிரதமர் விளக்கம் கேட்கவே, பதவியையும் துறந்தார். இத்துறவு போற்றற்குரியது. எனினும் வேரை வெட்டியது முதற் சட்டமே. இரண்டாவதோ குறுகிய வாயிலொன்றை வைத்தது. வேர் வெட்டுண்ட போது பதவியில் இருந்தவர், வாயில் குறுகிய போது வெளியேறினார். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஊவாத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலார்க்கு வாக்கில்லை.

இருபதாண்டுகளின் பின், 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட சாதியினரைத் தடுத்து நின்றவரும் இவரே. அதற்காக நீதிமன்றம் இவரைக் குற்றவாளியெனக் கண்டது. பிறப்பைக் கொண்டு உரிமையை மறுத்தல் பதுளையிற் பிழையெனின், மாவிட்டபுரத்தில் மட்டும் முறையாவதெங்ஙனம்? ஒரே சமன்பாட்டிற்கு ஈரிடத்து இருவிடை கூறுதல் கணிதத்திற்கு ஒவ்வாது, அறத்திற்கும் ஒவ்வாது.

எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. சுந்தரலிங்கத்தின் கல்வியையும் அஞ்சாமையையும் மாணவர் கற்கலாம். தமக்கு வேண்டும் நீதியைப் பிறர்க்கும் வேண்டாதவழி, எத்துணைப் புலமையும் குறையுடைத்து என்பதையும் உடன் கற்றல் வேண்டும்.