கிழவியான பிறகு வந்த வாய்

டயானா வின் ஜோன்ஸின் 'ஹௌல்ஸ் மூவிங் காஸில்' (1986) நாவலில், மூன்று பெண்களில் மூத்தவள் சோஃபி. சிற்றன்னையின் கடையில் கூலியில்லாமல் தொப்பிகளுக்கு அலங்காரம் தைக்கிறாள். தங்கை எடுத்துச் சொல்லும்வரை அது சுரண்டல் என்றே உறைக்கவில்லை. தேவதைக் கதைகளில் மூத்தவள் உருப்படமாட்டாள். அதை அவளும் நம்பிவிட்டாள்.

சூனியக்காரியின் சாபம் அவளைக் கிழவியாக்குகிறது. அழ வேண்டிய இடம். இவளோ வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். தெருவில் ஓர் இளைஞன் பேசியதற்கே ஒடுங்கி நின்றவள், அவனுடைய கோட்டைக்குள்ளேயே நுழைந்து அவனை அதட்டுகிறாள். வயதான பெண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை; நமக்குப் பழகிய அந்த அவமதிப்பையே ஜோன்ஸ் அவளுக்கு விடுதலையாக்குகிறார். சாபத்தை நீக்க ஹௌல் ரகசியமாக முயன்றும் முடியவில்லை. அவள் விரும்பித்தான் அந்த வேடத்தில் இருக்கிறாளோ என்று நினைக்கிறான். விரும்பாமல் என்ன? இளம்பெண்ணாக இருந்தபோது அந்த வாயை அவளுக்கு யார் கொடுத்தார்கள்?

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. சோஃபி பேசினால் தொப்பிக்கும் தடிக்கும் உயிர் வரும். அவ்வளவு மந்திரம் அவளிடம் உண்டு. ஆனால் கோட்டையில் நீ யார் என்று கேட்டதும், சுத்தம் செய்ய வந்தவள் என்கிறாள்.